ஒரு ஃபிரேமில் 14 மீட்டர்

1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகளிலும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடினார். உடன் ஜேம்ஸ் கிளீவ்லண்ட். பின்னால் தென் கலிபோர்னியாவின் சமூகப் பாடற்குழு. அட்லாண்டிக் நிறுவனம் அந்தப் பாட்டைப் பல தட ஒலிநாடாவில் பதிவு செய்து, 'அமேசிங் கிரேஸ்' என்ற இரட்டை இசைத்தட்டாக அதே ஆண்டு வெளியிட்டது. அவருடைய இசைத்தட்டுகளில் பெரும் வெற்றி கண்டவற்றுள் அது ஒன்று. அதே இரண்டு இரவுகளும் ஃபிலிமிலும் பதிவாயின. இயக்கியவர் சிட்னி போலக். 16 மி.மீ. கேமராக்கள் பல சுழன்றன. ஏறத்தாழ 20 மணி நேரத்துக்குப் படம் சேர்ந்தது.

அந்தப் படம் திரைக்கு வர 46 ஆண்டுகள் ஆயின. முதல் காரணம், ஷாட் தொடங்கும்போது கிளாப் அடிக்கவில்லை.

கேமராக்கள் நின்று நின்று ஓடின. ஒரு சுருள் தீர்ந்ததும் இன்னொன்றை மாட்டி, நினைத்த இடத்தில் தொடங்கி, நினைத்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒலிநாடா வேறோர் இயந்திரத்தில் தன் போக்கில் ஓடியது. எடிட்டிங் மேசைக்கு வந்து சேர்ந்தவை ஊமையான நூற்றுக்கணக்கான படத்துண்டுகளும், கண்ணில்லாத மணிக்கணக்கான பாட்டும்தான். எந்தத் துண்டு பாட்டின் எந்த இடத்துக்கு உரியது என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. தேவாலயப் பாடல்களில் ஒரே வரி பத்து முறை, இருபது முறை திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்துப் பார்த்தார்கள். பாடற்குழுவை நடத்திய அலெக்சாண்டர் ஹாமில்டனையே உட்கார வைத்தும் பார்த்தார்கள். பொருந்தி வந்தது கொஞ்சம்தான். படம் கிடங்குக்குப் போனது.

2007-ல் ஆலன் எலியட் என்ற தயாரிப்பாளர் உரிமையை வாங்கி, கணினி வழியில் அந்தப் பொருத்தத்தைச் செய்து முடித்தார். அதற்குப் பிறகும் வெளியீட்டைத் தடுத்து ஃபிராங்க்ளின் தொடுத்த வழக்குகளால் படம் தள்ளிப்போனது. 2018 ஆகஸ்டில் அவர் மறைந்தார். அந்த நவம்பரில் படம் முதன்முறையாகத் திரையிடப்பட்டது.

இவ்வளவு சிக்கலுக்கும் வேர் ஒரு சாதாரண உண்மை: படமும் ஒலியும் பெரும்பாலும் இரண்டு தனிக் கருவிகளில், இரண்டு தனிக் கடிகாரங்களின்படி பதிவாகின்றன. ஏன் அப்படி? கேமராவிலேயே மைக் இருக்கிறதே?

கேமரா நிற்க வேண்டிய இடம் வேறு, மைக் இருக்க வேண்டிய இடம் வேறு. முகத்தை நெருக்கமாகக் காட்ட லென்ஸ் போதும். கேமரா தூரத்திலேயே நிற்கலாம். ஒலிக்கு அப்படி ஒரு லென்ஸ் கிடையாது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் விழும். மின்விசிறியின் இரைச்சலும் சுவரின் எதிரொலியும் அப்படியே இருக்கும். அதனால் பேசுபவரின் சட்டையில் ஒரு லேப்பல் மைக்கைக் குத்துவார்கள், அல்லது பூம் கம்பில் மைக்கைக் கட்டித் தலைக்கு மேல் நீட்டுவார்கள். ஒலி தனி ரெக்கார்டருக்குப் போகும். ஃபிலிம் காலத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது, கேமராவின் சத்தம். இந்தியாவில் பல பத்தாண்டுகள் எங்கும் புழங்கிய அரிஃபிளெக்ஸ் 2சி எடை குறைவான, உறுதியான கேமரா. ஆனால் ஓடும்போது அது போடும் சத்தத்தில் வசனத்தைச் சுத்தமாக எடுக்க முடியாது. நம் படங்களில் டப்பிங் அசைக்க முடியாத வழக்கமாக வேரூன்றியதில் அந்தக் கேமராவுக்குப் பெரிய பங்கு உண்டு. தளத்திலேயே குரலை எடுப்பது தமிழில் அரிதாகவே நடந்தது. கமல்ஹாசனின் 'விருமாண்டி' (2004) அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தனித்தனியாக எடுத்ததை ஒட்டும் வேலைக்கு எடிட்டிங் அறையில் 'சிங்க்' என்று பெயர். அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ஒன்று, எந்த இடத்தில் ஒட்டுவது? இரண்டு, இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றனவா? முதலாவதைச் சரியாகச் செய்து இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டால், பேச்சின் முதல் நிமிடம் கச்சிதமாக இருக்கும். நாற்பதாவது நிமிடத்தில் உதடு ஒருபக்கம், குரல் ஒருபக்கம்.

இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்து நிற்கும் மிகப் பழைய இடம் எடிசனின் கூடம். 1894-ன் கடைசியிலோ 1895-ன் தொடக்கத்திலோ, நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில், எடிசனின் உதவியாளர் வில்லியம் டிக்சன் ஒரு பெரிய ஒலிக்குழாயின் முன் நின்று வயலின் வாசித்தார். பக்கத்தில் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினார்கள். கேமரா படத்தை எடுத்தது; மெழுகு உருளை ஒலியை எடுத்தது. படம் தப்பிப் பிழைத்தது. உருளை உடைந்த நிலையில் எடிசனின் சேகரிப்பில் கிடந்தது; 1990களின் கடைசியில்தான் அதை ஒட்டி, ஓடவிட்டு, ஒலியை மீட்டார்கள். படம் 17 விநாடி. உருளையில் இருப்பது ஏறத்தாழ இரண்டு நிமிட ஒலி. அதில் வயலின் மட்டும் 23 விநாடி. படம் விநாடிக்கு ஏறத்தாழ 40 ஃபிரேம் வேகத்தில் எடுக்கப்பட்டது. இன்றைய எந்த வழக்கத்துக்கும் பொருந்தாத வேகம். 2000-ல் எடிட்டர் வால்டர் மர்ச் இரண்டையும் கணினியில் வைத்து, டிக்சனின் வில் மேலும் கீழும் போவதைப் பார்த்துப் பார்த்து, வேகத்தைத் திருத்தி, 23 விநாடிக்குள் 17 விநாடியின் இடத்தைக் கண்டுபிடித்தார். 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்தில் எடிட்டிங், ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர் அவர். ஒரே அறையில் ஒரே நேரத்தில் பிறந்த படமும் ஒலியும் நூறு ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து சேர்ந்தன.

டிக்சனுக்கு இல்லாத வசதி கிளாப் பலகை. கீல் வைத்த இரண்டு கட்டைகள் மோதும்போது படத்தில் ஒரு ஃபிரேம் தனித்துத் தெரியும்: முந்தைய ஃபிரேமில் இடைவெளி இருக்கும், இதில் இருக்காது. ஒலியில் அதே கணம் செங்குத்தான ஒரு முகடாக எழும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பலகையில் எழுதிய காட்சி எண்ணும் டேக் எண்ணும், உதவியாளர் அவற்றை உரக்கச் சொல்வதும், எந்த ஒலிக்கோப்பு எந்தப் படத்துக்கு உரியது என்று சொல்லும். ஃபிலிம் காலத்து உதவி எடிட்டர்கள் கட்டைகள் சேரும் ஃபிரேமில் மெழுகுப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, காந்தப் பூச்சுள்ள ஒலிச்சுருளில் அதே இடத்தைக் கோடுகளால் குறித்து, பற்சக்கரத்தில் இரண்டையும் சேர்த்து மாட்டுவார்கள். தொடக்கத்தில் அடிக்க முடியாமல் போனால் ஷாட் முடிவில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள். தலைகீழாக இருந்தால் இது கடைசிக் கிளாப் என்று எடிட்டருக்குப் புரியும். இன்றும் இதுதான் வழக்கம்.

எவ்வளவு துல்லியமாக ஒட்ட வேண்டும்? இந்தியத் தொலைக்காட்சி வழக்கப்படி விநாடிக்கு 25 ஃபிரேம் என்று கொண்டால் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. சினிமாவின் 24 ஃபிரேமில் அது ஏறத்தாழ 41.7. ஒலியோ விநாடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிவாகிறது. எனவே 25 ஃபிரேம் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1,920 ஒலி மாதிரிகள். ஃபிரேம் அளவில் மட்டும் நகர்த்தினால் அரை ஃபிரேம், அதாவது 20 மில்லிவிநாடி வரை பிழை மிஞ்சலாம். அதனால்தான் நல்ல எடிட்டிங் மென்பொருட்கள் ஒலியை ஃபிரேமுக்கும் நுண்ணிய படிகளில் நகர்த்த இடம் கொடுக்கின்றன.

மனித மூளை இதில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தை 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்வார். ஆனால் பிந்தினால் 125 மில்லிவிநாடி வரை தெரியாது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் இன்னும் கண்டிப்பானது: முந்துவது 40, பிந்துவது 60-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. சாய்வுக்கு எளிய விளக்கம் உண்டு. தூரத்தில் துணி துவைப்பவரின் கை கல்லில் விழுவதைக் கண் முதலில் பார்க்கும். சத்தம் பிறகுதான் வரும். ஒளிக்கு முன்னால் ஒலி வந்து சேர்வது இயற்கையில் நடக்காத ஒன்று. அப்படி ஒன்றைத் திரையில் காட்டினால் மூளை உடனே முரண்டு பிடிக்கிறது. எனவே சந்தேகமான இடத்தில் ஒலியை ஒரு துளி பின்னுக்கு விடுவது, முன்னுக்கு விடுவதைவிடப் பாதுகாப்பு.

கண்ணும் காதும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதை 1976-ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். 'ப' என்ற ஒலியை, 'க' என்று சொல்லும் முகத்தின் மேல் ஒட்டிப் போட்டால் பலருக்கு இரண்டும் கேட்பதில்லை, 'ட' போல ஏதோ ஒன்று கேட்கிறது. கண்ணை மூடினால் 'ப' திரும்ப வந்துவிடும். பேச்சைக் கேட்கும் வேலையில் உதடும் பங்காளி. சிங்க் விலகிய பேட்டியைப் பார்ப்பவர், என்ன பிழை என்று சொல்லத் தெரியாமலேயே பேசுபவர்மேல் ஒரு நம்பிக்கையின்மை கொள்வதும், சீக்கிரம் களைப்பதும் இதனால்தான்.

தமிழ்ப் பேச்சில் சிங்க் சரிபார்க்க நல்ல இடங்கள் ப், ம் இரண்டும். உதடு முழுக்க மூடித் திறக்கும் எழுத்துகள் இவை. 'அப்பா' என்பதில் உதடுகள் சேர்ந்து ஒரு கணம் மௌனம், பிறகு வெடிப்பு. வெடிப்பின் முகடும் உதடு பிரியும் ஃபிரேமும் சேர்ந்து வர வேண்டும். கிளாப் அடிக்காமல் விட்ட பேட்டியில் இந்த இரட்டை எழுத்துகளே கிளாப் கட்டைகளாக உதவும். 'இங்கே', 'எங்கே' போன்ற சொற்களில் வேலை முழுவதும் வாய்க்குள்ளேயே நடந்துவிடுவதால் அவற்றை நம்பி நகர்த்தக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வேகம்.

ஃபிலிம் காலத்தில் ஒலிநாடாவுக்குப் பற்துளை கிடையாது. மின்கலம் தளர்ந்தால் மெதுவாகும். நாடா நீண்டாலும் வேகம் மாறும். 1951-ல் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய நாக்ரா ரெக்கார்டர்களின் வழித்தோன்றல்கள் இதற்கு ஓர் அழகான வழி வைத்திருந்தன. கேமராவின் மோட்டாரோடு இணைந்த ஒரு சிறு மின்னாக்கி, கேமரா ஓடும் வேகத்துக்கேற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் சைகையைக் கம்பி வழியே ரெக்கார்டருக்கு அனுப்பும். குரலோடு அந்தச் சைகையும் அதே நாடாவில் பதிவாகும். பின்னர் பிரதி எடுக்கும்போது அந்தச் சைகையைப் பார்த்து நாடாவின் வேகத்தைத் திருத்திக்கொள்வார்கள். இதற்குப் பைலட் டோன் என்று பெயர். குறை, கேமராக்காரரும் ஒலிப்பதிவாளரும் ஒரு கம்பியால் கட்டப்பட்டு நடக்க வேண்டும்.

அந்தக் கம்பியை அறுத்தவர்கள் ஆவணப்படக்காரர்கள். அமெரிக்காவில் ராபர்ட் ட்ரூ, ரிச்சர்ட் லீகாக், டி. ஏ. பென்னிபேக்கர் குழுவினர் 1960-ல் கடைக்கு வந்த புலோவா அக்யூட்ரான் கைக்கடிகாரத்தின் நுட்பத்தைக் கைப்பற்றினார்கள். அதற்குள் விநாடிக்கு 360 முறை அதிரும் ஓர் இசைக்கவை இருந்தது. ஒன்றைக் கேமராவுக்கும் இன்னொன்றை ரெக்கார்டருக்கும் வேக அளவுகோலாக வைத்தால், இரண்டும் தொடர்பில்லாமலேயே ஒரே தாளத்தில் ஓடும். தோளில் கேமராவோடு ஒரு மனிதரின் பின்னால் கதவு, படி, கூட்டம் எல்லாம் கடந்து போக முடிந்தது. பிறகு குவார்ட்ஸ் படிகம் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. இன்றைக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவுக்குள்ளும், கையடக்க ரெக்கார்டருக்குள்ளும், பையில் கிடக்கும் போனுக்குள்ளும் இருப்பது குவார்ட்ஸ்தான்.

ஆனால் குவார்ட்ஸும் முழுத் துல்லியம் அல்ல. வெப்பத்தில் மாறும், வயதில் மாறும், ஒன்றைப் போல ஒன்று இராது. ஒரு கருவி பத்து லட்சத்தில் 20 பங்கு வேகமாகவும் மற்றது 20 பங்கு மெதுவாகவும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 144 மில்லிவிநாடி விலகும். இரண்டரை மணி நேரக் கச்சேரி முடியும்போது 360 மில்லிவிநாடி, அதாவது 9 ஃபிரேம். மார்கழியில் சென்னை சபாக்களில் எடுக்கப்படும் பதிவுகளில் இதைக் காட்டிக்கொடுப்பது பாடகரைவிட மிருதங்கம்தான். வர்ணத்தில் ஒட்டிய விரல், தனி ஆவர்த்தனம் வருவதற்குள் ஒலியைவிட்டு விலகித் தெரியும். தோலில் விரல் விழும் கணம் கிளாப்பைப் போலவே கூரானது. அதில் மூன்று ஃபிரேம் பிழையைக்கூடப் பழகிய ரசிகர் உணர்ந்துவிடுவார்.

திருத்தும் முறை நேரடியானது. தொடக்கத்தில் ஒரு கூரான ஒலியில் ஒட்டி, முடிவில் இன்னொன்றில் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, ஒலியை அந்த அளவுக்கு நீட்டவோ சுருக்கவோ வேண்டும். மேலே சொன்ன கணக்கில் மாற்ற வேண்டியது 0.004 சதவீதம். சில மென்பொருட்களின் வேகப் பெட்டி இரண்டு தசம இலக்கத்துக்கு மேல் ஏற்காது. அங்கே இந்த எண்ணை எழுதவே முடியாது. அப்போது உருப்படிக்கும் உருப்படிக்கும் நடுவில் கைதட்டல் விழும் இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியாக நகர்த்தி ஒட்டுவதே நல்லது. பாட்டின் நடுவில் வெட்டுவதும், வேகத்தை மாற்றப்போய் சுருதியைத் தொடுவதும் கச்சேரிக்குச் செய்யும் அநியாயம்.

குவார்ட்ஸின் பிழை மெதுவானது. அதைவிடக் கொடியவை இரண்டு. ஒன்று, அமெரிக்காவில் 1953-ல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது பிறந்தது: 30 ஃபிரேமை 1,001-க்கு 1,000 என்ற விகிதத்தில் குறைத்து 29.97 ஆக்கினார்கள். அதன் நிழலாக 24-க்குப் பக்கத்தில் 23.976 உட்கார்ந்திருக்கிறது. கேமராவில் ஒன்றும் எடிட்டிங் டைம்லைனில் மற்றொன்றும் இருந்து, மென்பொருள் ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் மணிக்கு 3.6 விநாடி ஓடிவிடும். படப்பிடிப்புக்கு முன்பே எல்லாரும் ஒரே ஃபிரேம் வேகத்தை எழுதி வைத்துக்கொண்டால் இது வராது.

மற்றது போன். பல போன்கள் சீரான வேகத்தில் படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். விநாடிக்கு 30 என்பது 27 ஆகும், 24 ஆகும், விளக்கு எரிந்தால் மறுபடி 30. ஒலி மட்டும் மாறாமல் 48,000 மாதிரியில் ஓடிக்கொண்டிருக்கும். படத்தைச் சீரானது என்று நினைத்து எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் ஒலி ஒரு நேரம் முந்தும், ஒரு நேரம் பிந்தும். நேர்கோட்டில் விலகாததால் நீட்டியும் பயனில்லை. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் முதலிலேயே மாறா ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகே டைம்லைனுக்குக் கொண்டுவர வேண்டும்.

பெரிய படப்பிடிப்புகளில் இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பிடிப்பது டைம்கோடு. மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு முகவரி. ஒலித்தடத்தில் எழுதும் வகையில் ஒரு முகவரிக்கு 80 பிட். 25 ஃபிரேமில் விநாடிக்கு 2,000 பிட். ஸ்பீக்கரில் போட்டால் கீச்சென்று காதைக் கிழிக்கும். காலையில் தீப்பெட்டி அளவுள்ள சிறு பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரே நேரம் ஊட்டி, ஒவ்வொரு கேமராவிலும் ரெக்கார்டரிலும் ஒன்றை மாட்டிவிடுவார்கள். ரெக்கார்டர் எழுதும் பிராட்காஸ்ட் வேவ் கோப்பில், நள்ளிரவிலிருந்து எத்தனை ஒலி மாதிரிகள் கடந்தபோது பதிவு தொடங்கியது என்ற எண் தலைப்பிலேயே இருக்கும். நூறு துண்டு இருந்தாலும் கணினி விநாடியில் அடுக்கிவிடும். டைம்கோடு தொடக்க இடத்தைத்தான் சொல்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஷாட் தொடங்கிய பிறகு கேமரா தன் சொந்தப் படிகத்தின்படியே ஓடும். நீண்ட ஷாட்டில் விலகல் மறுபடி எட்டிப்பார்க்கும்.

சிறிய குழுக்களுக்குக் கைகொடுப்பது அலைவடிவப் பொருத்தம். 2009-ல் வந்த ப்ளூரல்ஐஸ் என்ற மென்பொருள் இதைப் பரவலாக்கியது. இப்போது பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் புரோ மூன்றிலும் உள்ளேயே இருக்கிறது. கேமராவின் சொந்த மைக் எடுத்த கரகரப்பான ஒலியையும் ரெக்கார்டரின் நல்ல ஒலியையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு நிலையிலும் மாதிரிக்கு மாதிரி பெருக்கிக் கூட்டுவார்கள். மேடும் மேடும், பள்ளமும் பள்ளமும் சேரும் நிலையில் கூட்டுத்தொகை திடீரென்று உயரும். அதுதான் இடம். ஒரு மணி நேர ஒலியில் 17 கோடியே 28 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. எல்லா நிலைகளையும் நேரடியாகப் பெருக்கினால் ஏறத்தாழ 300 கோடி கோடிப் பெருக்கல்கள். 1965-ல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் உருமாற்ற முறையில் அது சில ஆயிரம் கோடிக்குச் சுருங்கிவிடுகிறது. சாதாரண மடிக்கணினிக்கு அது சில விநாடி வேலை. கேமராவின் மைக்கை 'எப்படியும் பயன்படாது' என்று அணைத்துவிடுபவர்கள் இந்த வசதியையே அணைக்கிறார்கள். அந்த ஒலி பார்ப்பவருக்கு அல்ல, கணக்குக்கு.

இங்கேதான் பலர் விழும் பள்ளம் இருக்கிறது. மென்பொருள் ஒலியை ஒலியோடு ஒட்டுகிறது. ஒலியைப் படத்தோடு ஒட்டவில்லை.

கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். மேடையில் பேசுபவரின் சட்டையில் மைக். கேமரா 20 மீட்டர் பின்னால், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வாசலுக்கு அருகில். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் போகும். 40 மில்லிவிநாடியில், ஒரு ஃபிரேமில், 14 மீட்டர். பேச்சு கேமராவின் மைக்கை அடைய 57 மில்லிவிநாடி ஆகும். உதட்டின் படமோ ஒளியின் வேகத்தில் உடனே வந்துவிட்டது. சட்டை மைக்கின் நல்ல ஒலியைக் கேமராவின் பிந்திய ஒலியோடு மென்பொருள் கச்சிதமாக ஒட்டும்போது, நல்ல ஒலியும் 57 மில்லிவிநாடி பிந்திவிடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை ஃபிரேம். தூரக் காட்சியில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே இடத்திலிருந்து நீண்ட லென்ஸில் முகத்தை நெருக்கினால் உறுத்தும். மேடை ஓரத்தில் இருக்கும் இரண்டாவது கேமராவுக்குத் தாவும்போது பிழையின் அளவு மாறுவதால் இன்னும் உறுத்தும். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் பிந்தலுக்குச் சொல்லும் 60 மில்லிவிநாடி எல்லையின் விளிம்பில் இது நிற்கிறது; மண்டபம் இன்னும் நீளமாக இருந்தால் எல்லையைத் தாண்டிவிடும். தானியங்கிப் பொருத்தம் முடிந்ததும் ஒவ்வொரு கேமராவுக்கும் அதன் தூரத்தை மீட்டரில் 14-ஆல் வகுத்து, வரும் ஃபிரேம் அளவுக்கு ஒலியை முன்னுக்கு இழுத்து, ப், ம் வரும் இடங்களில் கண்ணால் சரிபார்ப்பதே முழுமையான சிங்க்.

இந்த வேலைகள் எல்லாம் கோப்புகள் ஒழுங்காக வந்து சேர்ந்தால்தான். மெமரி கார்டிலிருந்து வீடியோ கோப்பை மட்டும் இழுத்துப் போடாமல், கார்டின் அடைவு அமைப்பை அப்படியே முழுதாக நகலெடுப்பது முக்கியம். சில கேமராக்கள் டைம்கோட்டையும் துண்டுகளின் தொடர்ச்சியையும் பக்கத்துக் கோப்புகளில் எழுதி வைக்கின்றன. பழைய கார்டு வடிவத்தில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது என்பதால் நீண்ட பேச்சு பல துண்டாகவே விழும். அவற்றை வரிசையில் சேர்த்த பிறகு ஒரே துண்டாகச் சிங்க் செய்ய வேண்டும். தனித்தனியாகச் செய்தால் ஒட்டுகளில் தவறு புகும். நகல் சரியா என்று செக்சம் பார்த்து, இரண்டாவது நகலை வேறு டிஸ்கில் வைத்த பிறகே கார்டை அழிப்பது தொழில் தெரிந்தவர்களின் ஒழுக்கம். கனமான வீடியோ கணினியைத் திணறடித்தால் எடை குறைந்த பிராக்ஸி எடுத்துக்கொள்ளலாம்; ஃபிரேம் வேகமும் டைம்கோடும் மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். வெட்டத் தொடங்குவதற்கு முன்பே சிங்கை முடித்து, படத்தையும் நல்ல ஒலியையும் ஒரே கிளிப்பாகப் பூட்டிவிடுவது நல்லது. முந்நூறு வெட்டுகள் போட்ட பிறகு விலகலைக் கண்டுபிடித்தால் முந்நூறு இடத்திலும் திருத்த வேண்டிவரும்.

கடைசியாக எடிட்டிங் அறையையே ஒருமுறை சோதிக்க வேண்டும். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி பொதியாகி, அனுப்பப்பட்டு, பிரிந்து காதுக்கு வர 100 முதல் 200 மில்லிவிநாடி வரை ஆவது சாதாரணம். சில மென்பொருட்கள் படத்தைத் தாமதித்து அதை ஈடுகட்டும், எல்லாமும் அல்ல. பெரிய தொலைக்காட்சியைத் திரையாக வைத்தால் எதிர்ப்பக்கம் நடக்கும்: படத்தை மெருகேற்றும் வேலையில் அது படத்தைத் தாமதிக்கும், ஒலி முந்திவிடும். கேம் மோடு என்று ரிமோட்டில் இருக்கும் அமைப்பு அந்த மெருகைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். சரியாக ஒட்டியிருந்த ஒலியை, தன் ஹெட்போனின் தாமதத்தைப் பார்த்து மூன்று ஃபிரேம் முன்னுக்கு இழுக்கும் எடிட்டர், பார்ப்பவர் எல்லாருக்கும் பிழையைப் பரிமாறுகிறார். கிளாப் அடித்து எடுத்த ஒரு ஷாட்டை டைம்லைனில் போட்டு, கட்டை மூடும் ஃபிரேமும் முகடும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பதை எண்ணில் உறுதி செய்துகொண்டு, பிறகு அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எண்ணில் ஒட்டியிருப்பது ஓடும்போது விலகித் தெரிந்தால் தவறு ஃபுட்டேஜில் இல்லை. கம்பி வைத்த ஹெட்போனுக்கு மாறி, அதே ஷாட்டை மறுபடி ஓடவிட வேண்டும்.